நிச், நீஷ், மாடம்: ஒரு சொல்லுக்குத் தமிழில் எத்தனை இடம்?

கேள்வி: வேலையிடத்தில் எல்லோரும் "உன் நிச் என்ன, முதலில் நிச்சைப் பிடி" என்கிறார்கள். சிலர் நீஷ் என்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் "மாடம்" என்று போட்டிருக்கிறது. சந்தைக்கும் மாடத்துக்கும் என்ன சம்பந்தம்? தமிழில் இதற்கு ஒரே ஒரு நல்ல சொல் இருக்கிறதா, இல்லை நிச் என்றே எழுதிவிடலாமா?

ஜனவரி 6

அகராதி தப்பாகச் சொல்லவில்லை. நிச் என்றால் முதலில் மாடம்தான். சுவரைக் குடைந்து, சுவரின் கனத்துக்குள்ளேயே செய்த சின்ன இடம். சந்தை, உயிரியல், அலுவலகப் பேச்சு எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

எனக்கு ஊர் குத்தாலம் பக்கம். அப்பாயி வீட்டில் மூன்று மாடம் உண்டு. நடை தாண்டியதும் இடது சுவரில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஒன்று. மண்சுவர், ஒன்றரை அடிக் கனம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம், மேலே பெரும்பாலும் வளைவு. உள்ளே கையை விட்டால் முழங்கையில் பாதி வரை போகும். நடையில் இருந்ததில் அகல் விளக்கு. அடுப்படியில் சிம்னி விளக்கு. கொல்லைப் பக்கத்து மாடத்தில் பல்பொடி, தீப்பெட்டி, ஒரு நூல்கண்டு, எதற்கென்றே யாருக்கும் தெரியாத இரண்டு சாவி.

நடை மாடத்தின் வளைவில் கரி படிந்து பளபளவென்று இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். மற்ற சுவரெல்லாம் வெளுத்துவிடும். அந்த வளைவு மட்டும் ஈரத்தில் வெள்ளையாகத் தெரியும், காய்ந்ததும் உள்ளே இருக்கிற எண்ணெய் மெல்ல மஞ்சளாகக் கசிந்து வந்துவிடும். இரண்டு பூச்சு, மூன்று பூச்சு அடித்தாலும் வரும். அப்பாயி அதற்குமேல் அடிக்க விடமாட்டார். "அது வெளக்கோட எடம், அப்புடித்தான் இருக்கும்" என்பார்.

கொல்லையிலிருந்து வாசல் வரை காற்று நேராக வீசும் வீடு அது. தரையில் விளக்கு வைத்தால் நிற்காது. மாடத்தில் வைத்தால் நிற்கும். மூன்று பக்கமும் சுவர், மேலே வளைவு, முன்பக்கம் மட்டும் திறப்பு. குடத்திலிட்ட விளக்கு, குன்றின் மேலிட்ட விளக்கு என்று இரண்டைத்தான் நாம் ஓயாமல் சொல்கிறோம். நடுவில் மாடத்து விளக்கு ஒன்று இருக்கிறது. குடத்து விளக்கு போல மறைந்தும் போகாது, குன்றின் விளக்கு போலக் காற்றுக்குத் தவிக்கவும் தவிக்காது.

இந்தச் சொல்லை நான் புரிந்துகொண்டது அந்த விளக்கை வைத்துத்தான். எனவே என் பதில்: மாடம் என்றே சொல்லலாம்.

ஜனவரி 6, இரவு

உச்சரிப்பை விட்டுவிட்டேன். இரண்டும் சரிதான். நீஷ் என்பது பிரெஞ்சை ஒட்டியது. நிச் என்பது ஆங்கிலத்தில் நெடுங்காலமாகப் புழங்கியது. பிரிட்டனில் இப்போது நீஷ் அதிகம், அமெரிக்காவில் இரண்டும் காதில் விழும். தமிழில் எழுதும்போது எனக்கு நிச் தான் வசதி. நிச்சில், நிச்சுக்கு என்று உருபு எளிதாக ஒட்டுகிறது. நீஷ் என்று எழுதினால் நீசன் ஞாபகம் வருகிறது, நல்ல பொருளுள்ள சொல்லுக்கு அது வேண்டாமே.

ஜனவரி 9

சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன்பு எங்கிருந்து என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி லத்தீனில் கூட்டைக் குறிக்கும் நீடுஸ் என்ற சொல்லிலிருந்து என்கிறது. பிரெஞ்சில் நிஷே என்றால் கூடு கட்டுவது. இன்னொரு கட்சி இத்தாலிய நிக்கியோவைக் காட்டுகிறது. அது கிளிஞ்சல். இத்தாலியில் சிலை வைக்கும் மாடங்களின் மேல்வளைவைக் கிளிஞ்சல் விரித்ததுபோலச் செய்வார்கள், அதனால் அதுவும் பொருத்தமாகவே இருக்கிறது.

எனக்குப் பிடித்தது கூட்டுக் கட்சி. காரணம் சொந்தமானது. நம்மிடமும் மாடமும் கூடும் ஒட்டித்தான் கிடக்கின்றன. புறாக்கூடு வரிசை வரிசையாக வைத்துக் கட்டினால் அது புறாமாடம். விளக்குக்கு ஒரு மாடம், துளசிக்கு ஒரு மாடம், புறாவுக்கு ஒரு மாடம். அங்கே கூட்டிலிருந்து மாடம் பிறந்தது என்றால் இங்கே மாடத்திலேயே கூடு இருக்கிறது. இது சொற்பிறப்பு ஆதாரம் ஆகாது, தெரியும். ஆனால் இரண்டு மொழிக்காரர்கள் ஒரே குழிவைப் பார்த்து ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இன்னொன்று. இன்றைய பிரெஞ்சில் நாய் படுக்கும் சின்ன வீட்டுக்கும் நிஷ் என்றுதான் பெயர். அலுவலகத்தில் உங்கள் நிச் எது என்று பிரெஞ்சுக்காரரிடம் கேட்கும்போது கொஞ்சம் பார்த்துக் கேளுங்கள்.

ஜனவரி 10

"மூலை" என்று சொன்னால் என்ன, "அலமாரி" என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். மூலை தானாக அமைவது. இரண்டு சுவர் சந்தித்தால் மூலை வந்துவிடும், யாரும் அதைச் செய்ய வேண்டியதில்லை. அலமாரி கொண்டுவந்து வைப்பது, வேண்டாமென்றால் நகர்த்தலாம். மாடம் இரண்டிலும் சேராது. அதைச் சுவரிலிருந்து நகர்த்த முடியாது, சுவர் இல்லாமல் அது இல்லை. அதே சமயம் யாரோ ஒருவர் ஒன்றுக்காக வேண்டுமென்று செய்தது.

எங்கள் பக்கம் இதைப் பொறை என்றும் சொல்வோம். அது பிறைதான், மேலே வளைவு பிறைநிலா மாதிரி இருப்பதால் அந்தப் பெயர், பேச்சில் பொறை ஆகிவிட்டது.

ஜனவரி 11

நேற்று எழுதியதன் கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். தெற்கத்திக்காரர் ஒருவர், அது புரை, பிறை அல்ல என்கிறார். புரை என்றால் உள்ளே குடைந்த துளை. புரையோடிய புண் என்கிறோம் அல்லவா, அந்தப் புரை. யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எங்கள் அப்பாயி வீட்டு அடுப்படி மாடத்துக்கு வளைவே கிடையாது. இரண்டு செங்கல்லைச் சாய்த்து முக்கோணமாக வைத்தது. அதையும் பொறை என்றுதான் சொன்னோம். பிறைநிலாவை நானாகப் பார்த்துக்கொண்டேன் போலிருக்கிறது. ஆனால் பிறை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை, நேற்று சொன்ன தீர்ப்பை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஜனவரி 15

கேட்டவருக்கு உண்மையில் வேண்டியது சந்தைப் பொருள். நான் சுவரைச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறேன். சரி, சந்தைக்குப் போவோம்.

நிச் சந்தை என்றதும் "சின்னச் சந்தை" என்று பெயர்த்துவிடுகிறார்கள். சின்னது என்பது அதன் விளைவு. அதன் குணம் பொருத்தம். எங்கள் ஊர்ப்பக்கத்து உதாரணமே இருக்கிறது: சீவாளி.

நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழல் ஆச்சா மரம். அதற்குப் பெயர்பெற்ற ஊர் நரசிங்கம்பேட்டை. 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குழலின் தலையில் கெண்டை என்ற சின்ன உலோகக் குழாய், கெண்டையில் செருகுவது சீவாளி. நாணல் வகைத் தட்டையிலிருந்து செய்கிற, இரண்டு உதடு ஒட்டினாற்போல் இருக்கும் அந்தச் சின்ன ஊதுவாய். குழல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சீவாளி சரியில்லை என்றால் நாதம் வராது. அதற்குத் திருவாவடுதுறை பெயர் போனது.

சின்ன வயதில் பக்கத்துத் தெருவில் ஒரு நாதஸ்வரக்காரர் இருந்தார். கச்சேரிக்கு முன் திண்ணையில் உட்கார்ந்து சீவாளிகளைப் பரப்பி வைத்துக்கொள்வார். ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊறவைப்பார், "பீ" என்று ஒரு ஊது, கீழே வைப்பார். அடுத்தது. தேறியவற்றை நூலில் கோத்துக் குழலோடு தொங்கவிடுவார், கூடவே ஒரு தந்த ஊசி. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அவருக்கு ஒவ்வொன்றும் வேறு. கோடையில் ஒன்று, பனியில் ஒன்று, காலையில் திறக்காத ஒன்று மாலையில் திறக்கும். தேறாததைத் தூக்கிப் போடவும் மாட்டார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று தனியாக வைப்பார்.

இதை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? ஊருக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் இது இல்லாமல் ஒரு நாள் ஓடாது, இதற்கு மாற்றாக வேறொன்றை எளிதில் வைக்கவும் முடியாது, தேய்ந்துகொண்டே இருப்பதால் திரும்பத் திரும்ப வாங்கியே ஆக வேண்டும். செய்கிறவருக்கோ தட்டையைப் பார்த்ததும் எது தேறும் என்று தெரிய வேண்டும், வாசிக்கிறவரின் வாய்க்கட்டும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஆலை வைத்து லட்சக்கணக்கில் செய்ய யாரும் வரமாட்டார்கள், லட்சம் விற்காது. தேவை, கை, பொருள் மூன்றும் ஒன்றுக்கொன்று அளவெடுத்ததுபோல உட்கார்ந்திருக்கின்றன. இதுதான் நிச்.

ஜனவரி 16

"அப்படியானால் திண்டுக்கல் பூட்டு, பத்தமடைப் பாய், கோவில்பட்டி கடலைமிட்டாய் எல்லாமே நிச் தானே?" என்று கேட்கிறார் ஒருவர்.

எல்லாம் அல்ல. கடலைமிட்டாயை எல்லோரும் தின்கிறோம். பல ஊரில் செய்கிறார்கள், கோவில்பட்டியில் நன்றாகச் செய்கிறார்கள். அது ஊர்ப்பெருமை. சாதாரணக் கோரைப்பாயும் அப்படித்தான். ஆனால் பத்தமடையில் பட்டுப்போல மடிக்கக்கூடிய அளவுக்கு மெல்லிய இழையில் நெய்கிற பாய், மணமக்கள் பெயரைச் சேர்த்து நெய்வது, அது நிச். அதே ஊர், அதே கோரை, ஆனால் வாங்க வருகிறவர் வேறு, காரணம் வேறு. பூட்டு விஷயத்தில் எனக்குத் தெளிவில்லை. எல்லோர் வீட்டிலும் பூட்டு உண்டு, அதனால் நிச் அல்ல என்றுதான் தோன்றுகிறது. கோயில் கதவுக்கென்று செய்கிற பெரிய பூட்டை வேண்டுமானால் சேர்க்கலாம்.

ஜனவரி 16, சற்று நேரம் கழித்து

"அவன் தன் நிச்சைக் கண்டுகொண்டான்" என்பதை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு: "தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டான்." வேறு எதுவும் வேண்டாம். பழமொழி கேட்பவர்களுக்கு, எலி வளையானாலும் தனி வளை வேண்டும். நம் மக்கள் இதை எப்போதோ சொல்லியாகிவிட்டது.

ஜனவரி 22

வார இறுதியில் கங்கைகொண்ட சோழபுரம் போய்வந்தேன். இந்த நிச் கேள்வியே மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால் இம்முறை சிற்பத்தைப் பார்க்காமல் சிற்பம் நிற்கும் குழிவையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கோயில் சுவரில் இருக்கும் நிச்சுக்கு நல்ல சொல் இருக்கிறது: கோட்டம், தேவகோட்டம். வடமொழி வழியில் கோஷ்டம். கோஷ்ட தெய்வம் என்று அர்ச்சகர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு பக்கமும் அரைத்தூண், மேலே மகர தோரணம், நடுவில் தெய்வம். சிவன் கோயிலில் கருவறையின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் பெரும்பாலும் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மா, அந்தப் பக்கமே துர்க்கையும். தெற்குப் பார்த்த கோட்டத்தில் இருப்பதால் தட்சிணாமூர்த்திக்குத் தென்முகக் கடவுள் என்றே பெயர். இடம் பெயராகவே ஆகிவிட்டது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் வடக்குப் படிக்கட்டுப் பக்கம் அடியார் சண்டேசருக்குச் சிவபெருமான் தலையில் மாலை சுற்றுகிற சிற்பம் இருக்கிறதே, அதன் முன் அரைமணி நேரம் நின்றேன். சிவன் உட்கார்ந்து குனிகிறார், கீழே சண்டேசர் கைகூப்பித் தலை தாழ்த்துகிறார், பக்கத்தில் அம்மை. கதை முழுவதும் அந்தச் சட்டத்துக்குள். கோட்டம் இன்னும் அகலமாக இருந்திருந்தால் அந்த நெருக்கம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். குனிவதற்கு மட்டும் இடம், எழுந்து நிற்க இடமில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் இரண்டு அடுக்காகக் கோட்டங்கள். மேலடுக்கில் சுற்றிச் சுற்றி வில்லேந்திய திரிபுராந்தகர். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது ஒரே தெய்வம் மாடத்துக்கு மாடம் நம் கூடவே நடந்து வருவதுபோல இருக்கும்.

காலிக் கோட்டமும் பல கோயில்களில் பார்க்கலாம். சிலை இல்லை, தோரணம் மட்டும். என்ன இருந்தது என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்றுக்காகச் செய்தது என்று பார்த்தவுடன் தெரிகிறது. வெறும் பள்ளத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஜனவரி 23

இரண்டு குறிப்புகள், இரண்டும் நண்பர்கள் சொன்னவை. திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், அந்நூர், அதன் 35ஆம் வசனத்தில் இறைவனின் ஒளிக்கு உவமையாக விளக்கு வைத்த ஒரு மாடம் வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் மாடம் என்ற சொல்லையே போட்டிருக்கிறார்கள். எவ்வளவு சரியான தேர்வு! பள்ளிவாசலில் தொழுகைத் திசையான கிப்லாவைக் காட்டும் சுவர்க்குழிவான மிஹ்ராபும் இந்தக் குடும்பம்தான். அதில் எதையும் வைப்பதில்லை, திசையை மட்டும் காட்டுகிறது.

மாதா சிலை இருக்கும் குகைபோன்ற இடத்தைக் கத்தோலிக்கர்கள் கெபி என்பார்கள். அது குகை என்ற பொருளில் வருவது, மாடத்துக்கு அண்டை வீடு.

பிப்ரவரி 2

உயிரியல் மாணவி ஒருவர், "எங்கள் பாடத்தில் நிச் என்றால் செயல்வாழிடம் என்று இருக்கிறது, மாடம் எங்கே வந்தது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஏரிக்கரைக்கு வாருங்கள்.

எங்கள் ஊர் ஏரியில் மூன்று வகை மீன்கொத்தி உண்டு. கையளவு சிறிய மீன்கொத்தி, நீரை ஒட்டிய தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து பொடிமீனைப் பார்த்துச் சட்டென்று பாயும். கருப்பு வெள்ளை மீன்கொத்திக்குக் கிளையே வேண்டாம். நடு ஏரிக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, தலையை மட்டும் கீழே குத்திப் பார்த்து, கல் விழுவதுபோல விழும். வெண்மார்பு மீன்கொத்தி, நீல முதுகும் வெள்ளை மார்புமாக மின்கம்பியில் உட்கார்ந்திருப்பது, பெயருக்குத்தான் மீன்கொத்தி. வெட்டுக்கிளி, ஓணான் குஞ்சு, தவளை, நண்டு எல்லாம் பிடிக்கும். வயல் நடுவிலும் பார்க்கலாம், வீட்டுத் தோட்டத்திலும் பார்க்கலாம். ஒரே ஏரி, மூன்று பிழைப்பு. மூன்றும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

அதே ஏரியில் நத்தைக்குத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். முதலில் பார்த்தபோது அலகு அடிபட்டு வளைந்துவிட்டது என்றே நினைத்தேன். சேற்று நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை எடுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. நத்தையைச் சுற்றியே அதன் வாழ்க்கை.

இந்தப் பொருளில் நிச் என்ற சொல்லை 1917இல் நிலைநிறுத்தியவர் அமெரிக்கர் ஜோசப் கிரின்னல். கலிபோர்னியாவின் புதர்க்காட்டில் வளைந்த அலகால் சருகைக் கிளறி வாழும் திராஷர் என்ற பறவையைப் பற்றி எழுதும்போது. 1927இல் ஆங்கிலேயர் சார்லஸ் எல்டன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். "அதோ பேட்ஜர் போகிறது" என்று ஒருவர் சொல்லும்போது, "அதோ பாதிரியார் போகிறார்" என்பதைப்போல, அந்த விலங்குக்குத் தன் சமூகத்தில் என்ன வேலை என்பதும் மனத்தில் வர வேண்டும் என்றார். நாம் "அதோ பூசாரி போகிறார்" என்றால் அவர் வீடு எங்கே என்பதா ஞாபகம் வருகிறது? சூழலியலாளர் யூஜின் ஓடம் இதையே இன்னும் சுருக்கினார்: வாழிடம் உயிரினத்தின் முகவரி, நிச் அதன் தொழில்.

அதனால் செயல்வாழிடம் நல்ல சொல்தான். வாழிடத்தோடு செயலைச் சேர்த்திருக்கிறார்கள். படிக்கும்போது முதலில் கரடுமுரடாகத் தோன்றியது, இப்போது மதிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 3

குறளின் முதலையை ஏன் மறந்தேன் என்று கேட்கிறார்கள். இடனறிதல் அதிகாரம். ஆழ்ந்த நீரில் முதலை எதையும் வெல்லும், நீரை விட்டு வெளியே வந்தால் மற்றவை அதை வெல்லும். அருமையான இடம். ஆனால் யூஜின் ஓடம் போட்ட கணக்கில் பார்த்தால் அது முகவரி பற்றிப் பேசுகிறது, தொழில் பற்றியல்ல. வாழிடத்துக்கு வள்ளுவர், நிச்சுக்கு மீன்கொத்தி என்று வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 11

மாடம் என்ற உவமையில் எனக்கே ஒரு சிக்கல் வந்துவிட்டது. சுவரில் மாடம் முதலிலேயே இருக்கிறது, விளக்கு பிறகு வருகிறது. விளக்கை எடுத்துவிட்டால் மாடம் காலியாக இருக்கும். இயற்கையில் அப்படி ஒரு காலி மாடம் உயிரினத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறதா?

1957இல் சூழலியலாளர் ஜி. ஈ. ஹட்சின்சன் சொன்னது இதைப் புரட்டிப் போடுகிறது. எவ்வளவு வெப்பம் தாங்கும், எவ்வளவு ஈரம் வேண்டும், எந்த அளவு இரை என்று ஓர் உயிரினத்துக்குத் தேவையான ஒவ்வொன்றையும் ஓர் அச்சாக எடுத்துக்கொள்ளுங்கள், அத்தனை அச்சிலும் அது பிழைக்கக்கூடிய எல்லையே அதன் நிச் என்றார். அப்படியானால் நிச் சுவருக்குச் சொந்தமில்லை, விளக்குக்குச் சொந்தம். விளக்கு போகிற இடமெல்லாம் தன் மாடத்தின் அளவைக் கூடவே கொண்டுபோகிறது.

அந்த எல்லை முழுவதும் கிடைக்குமா என்றால், கிடைக்காது. ஜோசப் கானல் 1961இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர் பெற்றது. ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறையில் இரண்டு வகைக் கொட்டலசு. படகின் அடியிலும் பாலத்தூணிலும் ஒட்டிக்கிடக்குமே, காலை வைத்தால் கீறும், அதுதான். ஒரு வகை பாறையின் மேல்பகுதியில், இன்னொன்று கீழ்ப்பகுதியில். கீழே இருப்பதை அவர் அகற்றிப் பார்த்தார். மேலே இருந்த வகை கீழேயும் நன்றாகவே வளர்ந்தது. அதாவது அதற்குக் கீழே வாழத் தெரியும், மற்றது வேகமாக வளர்ந்து அதைப் பாறையிலிருந்து நெம்பித் தள்ளியும் மூடியும் அழிப்பதால் மேலேயே நிற்கிறது. கீழ்வகையோ மேலே போனால் வெயிலில் காய்ந்துவிடும்.

வாழக்கூடிய இடம் ஒன்று, வாழக் கிடைத்த இடம் இன்னொன்று. வேலைக்குப் போகிற எல்லோருக்கும் இது புரியும். எனக்கு உடனே பக்கத்துத் தெரு நாதஸ்வரக்காரர் ஞாபகம் வந்தது. அவருக்குப் பாடவும் வரும், நன்றாகவே வரும். ஊரில் அவரைப் பாடச் சொல்லி ஒருவரும் அழைத்ததில்லை.

பிப்ரவரி 12

ஜனவரி 6 அன்று "மாடம் என்றே சொல்லலாம்" என்று முடித்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஏன் என்பதற்கு நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உழவர் கையேடு ஒன்றை மொழிபெயர்த்தேன். அதில் நிச் பயிர்கள் என்று ஒரு பகுதி. கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா போல, தேடி வருகிற சிலருக்காக விளைவிப்பவை. நான் "மாடப் பயிர்கள்" என்று போட்டேன். அச்சாகிப் போய்விட்டது. கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "எங்களுக்கு ஓட்டு வீடு, மாடியில்லை, நாங்க எப்படிப் போடறது?" என்று கேட்டார். அவர் அதை மாடித்தோட்டம் என்று படித்திருக்கிறார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. மாடம் என்ற சொல்லுக்கே அடுக்குக் கட்டடம் என்ற பொருள் உண்டு. மாடமாளிகை, நான்மாடக்கூடல் எல்லாம் அதுதானே. நான் சொல்லைப் பார்த்தேன், அதைப் படிக்கப்போகிறவரைப் பார்க்கவில்லை. அடுத்த பதிப்பில் "தேடி வாங்குவோருக்கான பயிர்கள்" என்று மாற்றினேன். நீளம்தான், ஆனால் யாரும் மாடி ஏறவில்லை.

இப்போது கேட்டால் நான் எழுதுவது இப்படி: சுவரில் என்றால் மாடம். கோயிலில் கோட்டம். உயிரியலில் செயல்வாழிடம். மனிதருக்குத் தனக்கென்று ஓர் இடம். சந்தைக்கு, இடத்தைப் பார்த்து விரித்துச் சொல்வேன். நிச் என்று எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன், என்ன பொருள் என்று அடுத்த வரியில் தெரிந்தால் போதும்.

மார்ச் 1

வீட்டு வேலை நடக்கிறது. அம்மாவுக்கு ஒரே ஆசை, பூசையறையில் விளக்கு மாடம் வேண்டும். வரைபடத்தில் பொறியாளர் "நிச்" என்றே குறித்திருக்கிறார், அதைப் பார்த்து அம்மா கேட்டார், "இதென்ன நிச்சு, நிச்சயதார்த்தமா?"

அந்தச் சுவர் நாலரை இஞ்ச். அதில் மாடம் வராது, குடைந்தால் அந்தப் பக்கம் வந்துவிடும். பலகை அடித்துக்கொள்ளலாம் என்றார்கள், அம்மா கேட்கவில்லை. கடைசியில் அந்த ஒரு சுவரை மட்டும் ஒன்பது இஞ்சாகக் கட்டுவது என்று முடிவானது. அறை கொஞ்சம் சுருங்கிவிட்டது.

இன்று காலை கொத்தனார் கூப்பிட்டார். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. நான் அளவை எழுதி வைத்திருந்தேன், ஒன்றேகால் அடி உயரம், முக்காலடி அகலம். அவர் தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. "என்ன வெளக்கு வைக்கப்போறீங்க? அதக் கொண்டாங்க தம்பி" என்றார். அப்பாயியின் அகலும், அதை வைக்கும் பித்தளைத் தட்டும் இன்னும் பழைய பெட்டியில்தான் இருந்தன. எடுத்துவந்து கொடுத்தேன். செங்கல்மேல் வைத்தார். திரி போட்டு ஏற்றச் சொன்னார். பட்டப்பகலில், காரைக்கும் மணலுக்கும் நடுவே, ஏற்றினேன். சுடருக்குமேல் உள்ளங்கையைக் காட்டி, சூடு தாங்குகிற உயரம் வரைக்கும் மெல்லத் தூக்கிக்கொண்டே போனார். கை நின்ற இடத்துக்குமேல் இரண்டு விரற்கடை விட்டு, பென்சிலால் பக்கத்துத் தூணில் ஒரு கோடு போட்டார்.

"வளைவு இங்க வரும்" என்றார்.

நான் எழுதி வைத்திருந்த அளவைவிட நாலு விரல் உயரம்.